கடலில் கரைத்தது தட்டுக்குத் திரும்பும் கதை

'கடலில் கரைத்த பெருங்காயம்' என்று சொல்வோம். போட்டது போன இடம் தெரியவில்லை என்று அர்த்தம். கழிவுநீரைக் கடலில் விட்டவர்கள் நெடுங்காலம் நம்பியதும் இதைத்தான். கடல் அவ்வளவு பெரியது, எதை ஊற்றினாலும் கரைந்து பரவி ஒன்றுமில்லாமல் ஆகிவிடும் என்று நினைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரி என்றே தோன்றும். கரையை விட்டு வெகுதூரம் போய், திறந்த கடலில் ஒரு லிட்டர் நீரை எடுத்துச் சோதித்தால், அதில் இருக்கும் பாதரசம் ஒரு நானோகிராமுக்கும் குறைவு. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நானோகிராம்.

ஆனால் அதே கடலில் நீந்தும் வாள்மீனின் சதையை ஒரு கிலோ எடுத்துச் சோதித்தால் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் பாதரசம் கிடைக்கிறது. அதாவது நீரில் இருப்பதைப் போல பத்து லட்சம் மடங்குக்கும் மேல். கரைந்துபோன பெருங்காயத்தை யாரோ துளித்துளியாகப் பொறுக்கி ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது யார், எப்படி என்பதைப் புரிந்துகொண்டால், எந்த மீனைச் சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் பாதரசம் கடலுக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். எரிமலைகளிலிருந்து கொஞ்சம் வருகிறது. நிலக்கரியை எரிக்கும்போது அதற்குள் இருக்கும் பாதரசம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போகிறது. சிறிய தங்கச் சுரங்கங்களில், மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசத்தைக் கலந்து, பிறகு அதைச் சூடாக்கி ஆவியாக விட்டுவிடுகிறார்கள். இன்று மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் பெரிய பங்கு இந்தச் சுரங்கங்களிலிருந்துதான் வருகிறது. காற்றில் ஏறிய ஆவி மாதக்கணக்கில் சுற்றும். அதனால் ஒரு கண்டத்தில் எரித்தது வேறொரு கண்டத்தின் கரையோரக் கடலில் மழையோடு இறங்கலாம்.

இப்படி இறங்கும் பாதரசம் அப்படியே இருந்திருந்தால் கதை இவ்வளவு மோசமாகியிருக்காது. அதை மாற்றுவது ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் நீரிலும் வாழும் சில பாக்டீரியாக்கள். அவை பாதரச அணுவோடு ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட சிறு தொகுதியை ஒட்டிவிடுகின்றன. மெத்தில் பாதரசம் என்பது இதுதான். இந்த வேலையைச் செய்ய பாக்டீரியாவுக்கு இரண்டு மரபணுக்கள் தேவை என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். ஒட்டியது ஒரு சின்னத் தொகுதிதான், ஆனால் அதற்குப் பிறகு பாதரசத்தின் குணமே வேறு. சாதாரணத் திரவப் பாதரசத்தை விழுங்கினால் குடல் அதை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. மெத்தில் பாதரசத்தையோ 95 சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்கிறது.

உடலுக்குள் போனதும் அது கந்தகத்தைத் தேடிப் போகிறது. நம் புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உண்டு, அதில் கந்தகம் இருக்கிறது. மெத்தில் பாதரசம் அதைப் பற்றிக்கொள்ளும்போது, இரண்டும் சேர்ந்த உருவம் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைப் போலவே ஆகிவிடுகிறது. மெத்தியோனின் உடலுக்குத் தேவையான சத்து, அதற்கு எல்லாக் கதவும் திறக்கும். மூளையைக் காக்கும் தடுப்பும் திறக்கும், கருவைக் காக்கும் நஞ்சுக்கொடியும் திறக்கும். வேறு பல நஞ்சுகளை வாசலிலேயே நிறுத்திவிடும் காவல், வேண்டியவர் முகத்தோடு வரும் இதை உள்ளே அனுப்பிவிடுகிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்த பிறகுதான், கர்ப்பிணிகளுக்கு மீன் விஷயத்தில் ஏன் இவ்வளவு எச்சரிக்கை சொல்கிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

சரி, இப்போது மடங்குக் கணக்குக்கு வருவோம். இங்கே இரண்டு சொற்கள் உண்டு. பலரும் குழப்பிக்கொள்வார்கள்.

முதலாவது உயிரித் திரட்சி. ஒரே உயிரின் உடலில், வாழ்நாள் நீள நீள, நஞ்சு சேர்ந்துகொண்டே போவது. அடியில் ஊசித்துளை உள்ள வாளியில் குழாயைச் சொட்டச்சொட்டத் திறந்து வைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் வேகத்தைவிட உள்ளே வரும் வேகம் கூட இருக்கும்வரை மட்டம் ஏறும். மனித உடலில் இருக்கும் மெத்தில் பாதரசத்தில் பாதி வெளியேற ஏறக்குறைய 50 முதல் 70 நாள் ஆகிறது. 60 நாள் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் தினமும் 10 மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்) உட்கொண்டால், ஒரு வருடத்துக்குள் அவர் உடலில் இருக்கும் அளவு 850 மைக்ரோகிராமை நெருங்கிவிடும், அதன்பின் வரவும் செலவும் சமமாகி அங்கேயே நிற்கும். தினம் வருவது பத்து, உடம்பில் நிற்பது எண்ணூற்றுச் சொச்சம். மீன்களுக்கு வெளியேற்றம் இன்னும் மெதுவாக நடக்கிறது.

இரண்டாவது உயிரிய உருப்பெருக்கம். ஓர் உயிரிலிருந்து அதைத் தின்னும் உயிருக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று உணவுச் சங்கிலியில் ஏற ஏற நஞ்சின் செறிவு கூடுவது. ஒரு மீன் ஒரு கிலோ சதை போட வேண்டுமானால் அதைப்போலப் பல மடங்கு எடையைத் தின்ன வேண்டும். தின்றதில் பெரும்பகுதி நீந்தவும் மூச்சுவிடவும் எரிந்து போகிறது. பாதரசம் எரியாது. பல கிலோ இரையிலிருந்து வந்த பாதரசம் இப்போது அந்த ஒரு கிலோ சதைக்குள் இருக்கிறது. அந்த மீனைப் போலப் பலவற்றைத் தின்னும் பெரிய மீனுக்கும் இதே கதைதான்.

மிகப் பெரிய தாவல் எங்கே நடக்கிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. சுறாவின் வாயில் இல்லை, அடியில், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியில். நீரிலிருந்து பாசியின் செல்லுக்குள் போகும் அந்த முதல் படியிலேயே செறிவு பத்தாயிரம் மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் படிகளில், அதாவது பாசியைத் தின்னும் மிதவை உயிரி, அதைத் தின்னும் நெத்திலி, நெத்திலியைத் தின்னும் சூரை என்ற வரிசையில், ஒவ்வொன்றிலும் சில மடங்குதான் கூடும். சில மடங்கை நாலைந்து முறை பெருக்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் உடலின் பருமனை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நீலத்திமிங்கிலம்தான் உலகிலேயே பெரிய விலங்கு, ஆனால் அது தின்பது சங்கிலியின் அடியிலிருக்கும் கிரில் என்ற சின்ன உயிரை. அதனால் பல்லுள்ள திமிங்கிலங்களைவிட அதன் உடலில் பாதரசம் குறைவு. மறுபக்கம், ஆழ்கடலில் ஆரஞ்சு ரஃபி என்று ஒரு மீன் இருக்கிறது. கையில் தூக்கிவிடலாம், அவ்வளவுதான் அளவு. ஆனால் நூறு வயதுக்கு மேலும் வாழும். நூறு வருடச் சேமிப்பு அதன் உடலில் இருக்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் பட்டியலில் சுறா, வாள்மீன் ஆகியவற்றோடு அதுவும் இருக்கிறது.

மினமாட்டா

இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த விஷயமாக இருந்திருக்கலாம். அப்படி நடக்கவில்லை. ஜப்பானின் கியூஷூ தீவில், குமமோட்டோ மாகாணத்தில், மினமாட்டா என்ற சிறு நகரத்தின் மக்கள் தங்கள் உடலால் உலகத்துக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். அதை நாலு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஊரில் சிஸ்ஸோ என்ற நிறுவனத்தின் ரசாயனத் தொழிற்சாலை இருந்தது. 1932 முதல் அங்கே அசிட்டால்டிஹைடு என்ற ரசாயனத்தைத் தயாரித்தார்கள், அந்த வினையை வேகப்படுத்தும் வினையூக்கி பாதரசம். வினையின்போதே ஒரு பகுதி மெத்தில் பாதரசமாக மாறி, கழிவுநீரோடு வளைகுடாவில் கலந்தது. பாக்டீரியாவுக்கே அங்கே வேலை இல்லை, நஞ்சு ஆயத்தமாக வந்து இறங்கியது.

முதலில் பூனைகளுக்குத்தான் நோய் வந்தது. மீனவர் வீடுகளில் மிஞ்சிய மீனைத் தின்று வளர்ந்த பூனைகள் தள்ளாடின, சுழன்றன, துள்ளி விழுந்தன. அதற்கு ஊர்மக்கள் 'ஆடும் பூனை நோய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 1956 ஏப்ரலில், நடக்கவும் பேசவும் தடுமாறிய, ஆறு வயது நிரம்பாத ஒரு சிறுமியைத் தொழிற்சாலையின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டே நாளில் அவள் தங்கைக்கும் அதே நிலை. அந்த மருத்துவமனையின் இயக்குநர் ஹஜிமே ஹொசொகாவா, மே 1 அன்று, காரணம் தெரியாத நரம்பு நோய் ஒன்று பரவுவதாகச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். மினமாட்டா நோயின் அதிகாரபூர்வமான தொடக்கநாள் என்று இன்றும் சொல்வது அந்த நாளைத்தான்.

1958 செப்டம்பரில் நிறுவனம் கழிவுநீர் வெளியேறும் வழியை மாற்றியது. அதுவரை வளைகுடாவுக்குள் போனதை ஆற்று முகத்துவாரத்துக்குத் திருப்பினார்கள். விரிந்த கடலில் போய்ச் சேரட்டும் என்ற பழைய கரைப்புக் கணக்கு! சில மாதங்களில் அந்த முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களிலும் நோயாளிகள் தோன்றினார்கள்.

1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காரணம் கரிமப் பாதரசமாகத்தான் (மெத்தில் பாதரசம் போல, கார்பனோடு சேர்ந்த பாதரசம்) இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அதே மாதத்தில் ஹொசொகாவா தாமாக ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குத் தினமும் கொடுத்தார். 400 என்ற எண் கொண்ட அந்தப் பூனை அக்டோபரில் தள்ளாடத் தொடங்கியது, வலிப்பு வந்தது. விடை அவர் கண்முன்னே இருந்தது. ஆனால் நிறுவனம் அந்த முடிவை வெளியிடவில்லை, சோதனையைத் தொடரவும் அவரை விடவில்லை. கழிவுநீர் 1968 வரை போய்க்கொண்டே இருந்தது. அரசு அதிகாரபூர்வமாகக் காரணத்தை ஒப்புக்கொண்டதும் 1968 செப்டம்பரில்தான். 1970-இல் நோய்ப்படுக்கையில் கிடந்தபடி ஹொசொகாவா நீதிமன்றத்துக்குச் சாட்சியம் சொன்னார், 400-ஆம் பூனையைப் பற்றியும் சொன்னார். அதே ஆண்டில் இறந்தார்.

இன்னொரு புதிரும் இருந்தது. மீனே சாப்பிடாத பச்சைக் குழந்தைகள் சிலர் பிறவியிலேயே கடும் மூளைப் பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களுடைய தாய்மார்கள் பலருக்கு அறிகுறி குறைவு, சிலருக்கு இல்லவே இல்லை. நஞ்சுக்கொடியைத் தாண்டி நஞ்சு போகாது என்பதே அன்றைய மருத்துவ நம்பிக்கை. மசசுமி ஹரதா என்ற இளம் மருத்துவர் அதை ஏற்கவில்லை. குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சின்னப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். அவர் வீடுவீடாகப் போய் அவற்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் உள்ள மெத்தில் பாதரசத்தை அளக்கச் செய்தார். யார் எந்த ஆண்டு பிறந்தார், அந்த ஆண்டு கடலில் எவ்வளவு நஞ்சு இருந்தது என்பதெல்லாம் அந்தக் கொடித் துண்டுகளில் பதிந்திருந்தது. தாய் சாப்பிட்ட நஞ்சு குழந்தைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

குமமோட்டோ, ககோஷிமா மாகாணங்களில் 2,200-க்கும் மேற்பட்டோரை இந்த நோயாளிகள் என்று அரசு அதிகாரபூர்வமாக ஏற்றிருக்கிறது. அங்கீகாரம் கேட்டு நின்றவர்கள் அதைவிட மிக அதிகம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் ஏற்பட்ட உலக ஒப்பந்தத்துக்கு மினமாட்டா உடன்படிக்கை என்றே பெயர். 2017-இல் அது நடைமுறைக்கு வந்தது.

காது மெழுகும் தலைமுடியும்

பாதரசம் சதையில் தங்குகிறது. கொழுப்பில் தங்கும் நஞ்சுகள் வேறு. பிசிபி என்று சுருக்கமாக அழைக்கும் குளோரின் கொண்ட எண்ணெய்கள் ஒருகாலத்தில் மின்மாற்றிகளில் நிறையப் பயன்பட்டன. உலக அளவில் 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றைத் தடை செய்தது. ஆனால் அவை சிதைய மிக நீண்ட காலம் ஆகும். 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் ஓர்கா எனப்படும் கொலையாளித் திமிங்கில இனத்தின் பெண் ஒன்று இறந்து ஒதுங்கியது. அதன் கொழுப்பில் ஒரு கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி இருந்தது. எந்த ஓர்காவிலும் கண்ட மிக உயர்ந்த அளவுகளில் அதுவும் ஒன்று. இருபது வயதாவது ஆகியிருந்த அந்தத் திமிங்கிலம் ஒருமுறைகூடக் குட்டி போட்டதில்லை என்று சூற்பை காட்டியது.

குட்டி போடும் தாய்த் திமிங்கிலங்களின் கதை இன்னும் மனதைப் பிசைகிறது. வயது ஏற ஏற ஆண் ஓர்காக்களின் உடலில் நஞ்சு கூடிக்கொண்டே போகும், குட்டி ஈன்ற பெண்களுக்கோ குறையும். கொழுப்பு மிகுந்த பாலோடு நஞ்சும் குட்டிக்குப் போய்விடுவதுதான் காரணம். தலைச்சன் குட்டிக்குத்தான் பெரிய பங்கு.

இதை ஒரு விலங்கின் வாழ்க்கை முழுவதற்கும் அளக்க முடியுமா? 2007-இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா அருகே கப்பல் மோதி இறந்த நீலத்திமிங்கிலத்தின் காதிலிருந்து எடுத்த மெழுகுக் கட்டி அதற்கு வழி காட்டியது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். திமிங்கிலத்தின் காது மெழுகு வெளியே வராது, உள்ளேயே அடுக்கடுக்காகப் படியும். உணவு உண்ணும் பருவத்தில் வெளிர் அடுக்கு, இடம்பெயரும் பருவத்தில் கருமை அடுக்கு. மரத்தின் வளையங்களைப் போல எண்ணினால் வயது கிடைக்கும், ஒவ்வோர் அடுக்கையும் தனியே சோதித்தால் அந்த ஆறு மாதத்தில் உடலில் சேர்ந்தது என்ன என்று தெரியும். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், சுமார் 12 வயதான அந்த ஆண் திமிங்கிலம் தன் முதல் வருடத்திலேயே பூச்சிக்கொல்லிகளைத் தாயிடமிருந்து நிறையப் பெற்றிருந்தது தெரியவந்தது.

மனிதர்களுக்கு அந்த மெழுகின் இடத்தில் தலைமுடி இருக்கிறது. முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இரத்தத்தில் உள்ள மெத்தில் பாதரசம் முடியின் புரதத்தில், அதன் கந்தகத்தில், போய் ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தைவிட முடியில் சுமார் 250 மடங்கு செறிவு. பிரசவமான ஒரு பெண்ணின் முடியில் ஒன்பது சென்டிமீட்டரை வெட்டித் துண்டு துண்டாகச் சோதித்தால், கர்ப்பத்தின் எந்த மாதத்தில் குழந்தைக்கு எவ்வளவு போனது என்று கணக்கிடலாம்.

இந்த முறைகளை வைத்து இரண்டு தீவுக் கூட்டங்களில் பெரிய ஆய்வுகள் நடந்தன. வட அட்லாண்டிக்கில் உள்ள பேரோ தீவுகளில் 1986-87-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, கருவில் அதிகப் பாதரசம் பெற்றவர்களுக்கு ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் சிறு பின்னடைவு தெரிந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் தீவுகளில் தாய்மார்கள் வாரம் சராசரியாக 12 வேளை மீன் சாப்பிட்டவர்கள். அவர்களுடைய குழந்தைகளில் அப்படிப்பட்ட தெளிவான தீங்கு தென்படவில்லை. விஞ்ஞானிகளுக்கே ஒத்த கருத்து இல்லையே என்று இதைக் காட்டி எல்லாவற்றையும் ஒதுக்குபவர்கள் உண்டு. அது தவறு. பேரோ தீவுகளில் பாதரசம் வந்தது பெரும்பாலும் பைலட் திமிங்கில இறைச்சியிலிருந்து, அவர்கள் தின்ற திமிங்கிலக் கொழுப்பில் பிசிபியும் இருந்தது. சீஷெல்ஸில் பல வகை மீன்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, கூடவே மூளை வளர்ச்சிக்கு உதவும் ஒமேகா-3 கொழுப்பும் கிடைத்தது. மீனில் நஞ்சும் சத்தும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் எந்த மீன் என்பதைத்தான் கேட்க வேண்டும், மீனே வேண்டாம் என்று ஓடுவது குழந்தைக்கு நன்மை இல்லை.

தட்டில் எவ்வளவு?

உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-இல் ஒரு வரம்பு வைத்தது. உடல் எடையில் கிலோவுக்கு, வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது வாரம் 96 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சராசரிகளை இதோடு வைத்துப் பார்ப்போம். வாள்மீனில் கிராமுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம், ஆக வாரம் 96 கிராமிலேயே வரம்பு முடிந்துவிடும். சின்ன வகைச் சூரையை அடைத்த டின்னில் கிராமுக்கு 0.126, அது 760 கிராம் வரை தாங்கும். மத்தியில் 0.013 மட்டுமே, வரம்பைத் தொட ஏழு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். வாரத்துக்கு ஏழு கிலோ மத்தி யாராலும் முடியாது. இவை சராசரிகள்தான், மீனுக்கு மீன், கடலுக்குக் கடல் மாறும். ஆனால் வாள்மீனுக்கும் மத்திக்கும் நடுவில் உள்ள பெரிய வித்தியாசம் எங்கே போனாலும் மறைந்துவிடாது, ஏனென்றால் அது சங்கிலியின் படிகளால் வந்தது.

நன்றாகக் கழுவினால், கொதிக்க வைத்தால் போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது. பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. வேகும்போது நீர் வற்றுவதால் கிராம் கணக்கில் செறிவு சற்றுக் கூடவே செய்யும். மீன் எவ்வளவு புதிது என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை, காலையில் பிடித்த சுறாவிலும் பாதரசம் இருக்கும். பிசிபி விஷயத்தில் மட்டும் சமையலறையில் ஏதாவது செய்ய முடியும். அது கொழுப்பில் இருப்பதால், தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் நீக்கி, வறுபடும்போது வடியும் எண்ணெயைக் கொட்டிவிட்டால் ஓரளவு குறையும்.

அப்புறம், மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரித்தால் அது பாதரசம் இல்லை. பிடித்த மீனைக் குளிரில் வைக்காமல் விட்டால் பாக்டீரியா உருவாக்கும் ஹிஸ்டமின் அது. சிப்பிகளில் பாசி நஞ்சு தேங்கி வரும் பாதிப்பும் மணிக்கணக்கில் தெரிந்துவிடும். அவை வேகமான நஞ்சுகள், அவற்றுக்கு மருத்துவரிடம் ஓட வேண்டும். நான் இங்கே பேசியது மெதுவாகச் சேர்வதைப் பற்றி, அது சாப்பிட்ட அன்று எந்த அறிகுறியும் காட்டாது.

மினமாட்டாவில் 1977 முதல் 1990 வரை வளைகுடாவின் அடிச்சேற்றைத் தோண்டி எடுத்து, ஒரு பகுதியை மண்ணிட்டு மூடி நிலமாக்கினார்கள். நஞ்சேறிய மீன் வெளியே போகாதபடி வளைகுடாவின் வாயில் கட்டியிருந்த வலையை 1997-இல்தான் எடுத்தார்கள். ஒரு வளைகுடா என்பதால் அதைச் செய்ய முடிந்தது. பெருங்கடலின் அடியைத் தோண்ட முடியாது. 1971 முதல் 2022 வரை மூன்று பெருங்கடல்களில் பிடித்த ஏறத்தாழ 3,000 சூரை மீன்களின் அளவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. அந்த ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளில் புகைபோக்கிகள் கட்டுப்பாட்டுக்குள் வந்து, காற்றில் பாதரசம் குறைந்திருக்கிறது. சூரையின் சதையிலோ அளவு பெரும்பாலான இடங்களில் இறங்கவே இல்லை. முன்பு எரித்ததெல்லாம் ஆழத்து நீரில் இருக்கிறது, அந்த நீர் கலந்து மேலே வரும்போது மீனின் வாய்க்கும் வருகிறது. இன்றே உமிழ்வைக் கடுமையாகக் குறைத்தாலும் கடல்நீரில் மாற்றம் தெரியத் தொடங்க 10 முதல் 25 ஆண்டுகள் ஆகும் என்றும், சூரையின் உடலில் தெரிவதற்கு அதன்பிறகும் பல பத்தாண்டுகள் வேண்டும் என்றும் அந்த ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.